பிரெயில் நோட்டேக்கருக்கு எந்த மெமரி கார்டு? 128 ஜிபி போடலாமா?

மேல்மலை (கொடைக்கானல்), 9 ஜூன் 2025, இரவு 8.10
விரலால் வாசிக்கவும் குறிப்பெடுக்கவும் உதவும் பிரெயில் கருவி, வரிக்கு 20 செல் (ஒரு செல் என்பது ஓர் எழுத்துக்கான புள்ளிக் கூட்டம்), முழு அளவு எஸ்டி ஸ்லாட். கூட வந்த கார்டை இப்போதெல்லாம் ஒரு நேரம் படிக்கிறது, ஒரு நேரம் "கார்டு இல்லை" என்கிறது. கடையில் கேட்டால் 128 ஜிபி மைக்ரோ எஸ்டி, அடாப்டரோடு, 32 ஜிபியைவிடக் கொஞ்சம்தான் கூட விலை என்கிறார்கள். ஒரேயடியாகப் பெரிதாக வாங்கிப் போட்டால் தொல்லை விட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஆறுபுள்ளி (குன்னூர்), 9 ஜூன், இரவு 9.35
மறுக்கிறேன். காரணம் இரண்டு.

முதலாவது, கருவி அந்தக் கார்டை ஏற்காமலே போகலாம். 2 ஜிபி வரை வெறும் எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி. அதையும் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், விரலுக்கு வித்தியாசமே தெரியாது. எஸ்டிஎச்சி ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் (கார்டில் கோப்புகளை அடுக்கும் முறை) வரும், எஸ்டிஎக்ஸ்சி எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும். ஆர்பிட் ரீடர் 20 போன்ற எளிய கருவிகளுக்கு 32 ஜிபி, ஃபேட்32, அவ்வளவுதான் எல்லை. எக்ஸ்ஃபேட் கார்டைச் செருகினால் "கார்டு இல்லை" என்றுதான் சொல்லும். கார்டு கெட்டதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பிரெயில் பக்கம் ஒன்றுக்கு 40 செல், 25 வரி. 1,000 எழுத்து, வரி முடிவுக் குறிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,050 பைட். ஒரு ஜிபியில் ஒன்பது லட்சம் பக்கத்துக்கு மேல் அடங்கும். 

மேல்மலை, 9 ஜூன், இரவு 9.50
பிரெயில் மட்டும் இல்லையே அண்ணே. டெய்சி ஒலிப்புத்தகமும் (தலைப்புக்குத் தலைப்பு தாவும் வகை) வைப்பேன்.

ஆறுபுள்ளி, 9 ஜூன், இரவு 10.05
சரி, அதற்கும் கணக்கு இருக்கிறது. வினாடிக்கு 64 கிலோபிட் (64 கேபிபிஎஸ்) எம்பி3 என்றால் மணிக்கு 28.8 எம்பி. 32 ஜிபியில் 1,100 மணி நேரம் கொள்ளும். தினம் மூன்று மணி கேட்டாலும் ஒரு வருஷத்துக்குக் காணும். அதில் பாதி, 32 கேபிபிஎஸ்ஸில் பதிந்த புத்தகம் என்றால் இரட்டிப்பு.

உங்கள் கருவி ஒலி வாசிக்குமா என்று முதலில் பாருங்கள். வெறும் பிரெயில் காட்டும் கருவி என்றால் 8 ஜிபியே தாராளம். ஆனால் கடைகளில் 8 ஜிபி அருகிவிட்டது, கிடைப்பதும் பழைய இருப்பாக இருக்கும். அதனால்தான் 16 அல்லது 32.

ஈரக்காற்று (கூடலூர்), 10 ஜூன், காலை 6.40
128 ஜிபியையும் ஃபேட்32 ஆக்கி ஓட்டலாம். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது, ஆனால் வேறு மென்பொருளால் முடியும். லினக்ஸில் எம்கேஎஃப்எஸ் கட்டளைக்கு ஃபேட், 32 என்று கொடுத்தால் ஒரு நிமிட வேலை. சில கருவிகள் அதை ஏற்கவும் செய்கின்றன.

ஆனாலும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்றுக்கொண்ட கருவியே அடுத்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு முரண்டு பிடிக்கலாம். அப்போது உதவிக்குக் கேட்டால், 32 ஜிபிக்கு மேல் போட்டது உங்கள் பாடு என்று கைகழுவிவிடுவார்கள்.

எஸ்டி கார்டு விதிகளை வகுக்கும் எஸ்டி சங்கம் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டர் 64 ஜிபி கார்டை எக்ஸ்ஃபேட்டாகத்தான் ஆக்கும். அது விதிப்படி சரி, உங்களுக்கு ஆகாது. 32 ஜிபிக்கும் அதற்குக் கீழும் அந்த மென்பொருளே நல்லது. கார்டின் உள் எல்லைகளுக்கு ஒத்தாற்போல் அமைத்துத் தரும்.

ஆறுபுள்ளி, 10 ஜூன், காலை 9.15
மேல்மலைக்கு: "ஒரு நேரம் படிக்கிறது, ஒரு நேரம் இல்லை" என்றீர்களே, புதுக் கார்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கார்டை வெளியே எடுத்து, தங்கத் தொடுமுனைகள் கீழே பார்க்கும்படி, அவை இருக்கும் முனை உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி பிடியுங்கள். வலது மேல் மூலை சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். இடது ஓரத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் சின்னத் தாழ் ஒன்று உண்டு. அதை முன்னால் தள்ளினால், அதாவது தொடுமுனைப் பக்கம், திறப்பு. உங்கள் பக்கம் இழுத்தால் பூட்டு. பூட்டு நிலையில் படிக்கும், எழுத விடாது.

இந்தத் தாழ் வெறும் பிளாஸ்டிக் துண்டு. கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. ஸ்லாட்டில் உள்ள ஒரு சுவிட்ச் அது எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. தாழ் தளர்ந்திருந்தால் செருகும்போது உராய்ந்து தானே பின்னால் வந்துவிடும். மைக்ரோ எஸ்டி அடாப்டர்களில் இது அடிக்கடி. தாழை முன்னால் தள்ளி, அந்த ஓரத்தில் மெல்லிய செல்லோ டேப் ஒரு சுற்று ஒட்டினால் தற்காலிகமாக நிற்கும். டேப் ஸ்லாட்டுக்குள் உரிந்துகொண்டால் வேறு வினை. அடாப்டரையே மாற்றுவது உத்தமம்.

பழையபெட்டி (கோத்தகிரி), 10 ஜூன், பகல் 1.20
அடாப்டரே வேண்டாம் என்பேன். கார்டுக்கும் கருவிக்கும் நடுவில் எட்டுத் தொடுமுனைகள் கூடுதலாக வந்து உட்காருகின்றன. ஒவ்வொன்றிலும் ஈரம் பிடிக்கும். முழு அளவு ஸ்லாட்டுக்கு முழு அளவு கார்டு. விரலுக்கும் அதுதான் வசதி: 32க்கு 24 மில்லிமீட்டர். மைக்ரோ 15க்கு 11, தடிமன் 1 மில்லிமீட்டர். கம்பளத்தில் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

மைக்ரோதான் கிடைக்கிறது என்றால் பிடிப்பது இப்படி: ஒரு முனையில் விளிம்பு தடித்திருக்கும், அது வெளியே இருக்க வேண்டிய முனை. ஒரு பக்கவாட்டு ஓரம் நேராகவும் மற்றது படியும் பள்ளமுமாகவும் இருக்கும். தொடுமுனை எந்த முகத்தில் என்பதை நகத்தால் வருடினால் சின்னச் சின்னக் கோடுகளாகத் தட்டும்.

மேல்மலை, 11 ஜூன், இரவு 7.30
தாழ் சரியாகத்தான் இருக்கிறது. தொடுமுனையைப் பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா?

பழையபெட்டி, 11 ஜூன், இரவு 8.00
செய்யலாம். மெதுவாக.

ஆறுபுள்ளி, 11 ஜூன், இரவு 8.20
பழையபெட்டி சாருக்கு மரியாதையோடு மறுப்பு. ரப்பரில் அரத்தூள் போன்ற பொடி உண்டு. தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் முதல் தடவை வேலை செய்யும், அடியிலுள்ள நிக்கல் வெளியே வந்தபின் மலைக் காற்றில் சீக்கிரம் கறுக்கும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்தால் அதை எடுக்கக் கருவியைப் பிரிக்க வேண்டும்.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. நனைத்துப் பிழிந்த குச்சியால் தொடுமுனையின் நீளவாக்கில் இரண்டு இழுப்பு. பத்து நிமிடம் ஆறவிட்டுச் செருகுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி தண்ணீர்தான். ஸ்லாட்டுக்குள் குச்சியை விடவே கூடாது, பஞ்சு நார் உள்ளே மாட்டும். சுத்தமான கார்டை நாலைந்து முறை செருகி எடுத்தாலே உள்ளே இருக்கும் முனைகளில் படிந்தது உராய்ந்து போகும்.

பழையபெட்டி, 11 ஜூன், இரவு 8.45
ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் சர்வரோக நிவாரணி, அதான்.

ஈரக்காற்று, 14 ஜூன், மாலை 4.15
கூடலூரில் தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டது, ஆகவே ஈரத்தைப் பற்றி. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்களுக்கு வடகிழக்கில்தான் உச்சம், ஐப்பசி வரும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

கார்டு தனியாக இருக்கும்போது ஈரத்தை ஓரளவு தாங்கும், சில்லு முழுக்கப் பிசினில் புதைந்திருக்கிறது. ஆபத்து தொடுமுனைக்கும் ஸ்லாட்டுக்கும் செல்களுக்கும். பீசோ வகை (மின்சாரம் பட்டதும் வளைந்து புள்ளியைத் தூக்கும்) பிரெயில் செல்கள் 200 வோல்ட் அளவில் இயங்குபவை. ஈரம் ஏறினால் புள்ளி பாதி எழும், அல்லது எழுந்தது இறங்காது. வாசிப்பவர் கோப்பு கெட்டது என்று கார்டின் மேல் பழி போடுவார். கருவியை அணைத்து உலர்த்தியபின் அதே வரியை மறுபடி தொட்டுப் பாருங்கள், அப்புறம் பழி போடலாம்.

நீர் கோப்பது எப்போது? குளிர்ந்த பொருள் சூடான ஈரக்காற்றுக்குப் போகும்போது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,500 மீட்டர் சரிவு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்குவதும் அதே கதை. பேருந்தை விட்டு இறங்கியதும் பையைத் திறந்து கருவியை எடுத்தால் உடம்பெல்லாம் வியர்த்த மாதிரி நீர். பை மூடியபடியே முக்கால் மணி நேரம் விடுங்கள். மேலே ஏறும்போது இந்தக் கவலை குறைவு. ஆனால் டிசம்பர் உறைபனிக் காலத்தில் வெளியிலிருந்து வந்து கொதிக்கும் அடுப்பங்கரைக்குள் நுழைந்தாலும் இதேதான்.

ஆறுபுள்ளி, 14 ஜூன், மாலை 6.00
சேர்த்துக்கொள்ள ஒன்று. அரிசி டப்பாவுக்குள் போட வேண்டாம். மாவுத்தூள் ஸ்லாட்டில் ஏறும், அரிசி அவ்வளவு ஈரம் இழுக்கவும் இழுக்காது.

சிலிக்கா ஜெல் வாங்கும்போது நிறம் மாறும் நீல மணி வேண்டாம். நிறம் நமக்குப் பயனில்லை, அதில் கோபால்ட் உப்பு வேறு, கையில் புழங்க நல்லதல்ல. வெள்ளை மணி 100 கிராம் வாங்கி மெல்லிய பருத்திப் பையில் கட்டி, ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாவில் கார்டுகளோடு போடுங்கள். ஈரம் எவ்வளவு குடித்தது என்பதைப் பேசும் சமையல் தராசு சொல்லும். 120 கிராம் காட்டினால் எடுத்து, பையை அவிழ்த்து, மணிகளை மட்டும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள். எடை பழையபடி 100க்கு வந்தால் தயார். ஆறியபின் திரும்பப் போடுங்கள்.

டப்பாவுக்கு ஊட்டி சாக்லேட் டப்பா வேண்டாம், மூடி இறுகாது.

மேல்மலை, 14 ஜூன், மாலை 6.25
சாக்லேட் கொடைக்கானலிலும் உண்டு அண்ணே, கவனம்.

ஆறுபுள்ளி, 14 ஜூன், மாலை 6.30
வர்க்கியை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் தம்பி. அதையும் கருவிக்குப் பக்கத்தில் வைத்துத் தின்னக் கூடாது, அந்தப் பொருக்கும் நெய்யும் செல் இடுக்கில் போனால் ஈரத்தைவிட மோசம்.

மேல்மலை, 20 ஜூன், இரவு 9.00
32 ஜிபி முழு அளவு எஸ்டி வந்துவிட்டது, இணையத்தில் வாங்கினேன். பெட்டியில் கிளாஸ் 10, யூ3, வி30 என்று ஏகப்பட்டது போட்டிருப்பதாக வீட்டில் வாசித்தார்கள். கூடுதலாகக் கொடுத்த காசு வீணா?

ஆறுபுள்ளி, 20 ஜூன், இரவு 9.40
பாதி வீண். கிளாஸ் 10 என்றால் தொடர்ச்சியாக எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ3யும் வி30யும் 30 எம்பி. இவை வீடியோ எடுப்பவர்களுக்கு. நீங்கள் ஒரு பக்கக் குறிப்பைச் சேமிக்கும்போது போவது சில கிலோபைட். கருவிக்குள் தரவு போகும் பாதையின் (பஸ்) வேகம்தான் அங்கே குறுக்கே நிற்கும்.

சின்னச் சின்னக் கோப்பாக நிறைய எழுதுபவருக்குப் பார்க்கத் தகுந்தது ஏ1 குறி: வினாடிக்குச் சிதறலாக 1,500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2வுக்கு 4,000, 2,000 என்று எண் பெரிது, ஆனால் கருவியும் அதற்கு ஒத்துழைத்தால்தான் கிடைக்கும். நோட்டேக்கருக்காக ஏ2 தேடி அலைய வேண்டாம்.

வேகத்தை விடுங்கள், அசலா என்று சோதித்தீர்களா? 4 ஜிபி சில்லை வைத்து 32 என்று பொய் சொல்ல வைத்த கார்டுகள் சந்தையில் நிறைய. அச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி நமக்கு அடைபட்டது. பார்வை உள்ளவர்களும் ஏமாறுகிறார்கள், அதனால் வருத்தமில்லை. எழுதிப் பார்ப்பதுதான் வழி.

ஈரக்காற்று, 20 ஜூன், இரவு 10.10
விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. நிறுவத் தேவையில்லை, நேரே ஓடும். டிரைவைத் தேர்ந்து, எழுதிச் சரிபார் பொத்தான். கார்டு முழுக்க நிரப்பி, மறுபடி படித்து ஒப்பிடும். 32 ஜிபிக்கு எழுத வினாடிக்கு 15 எம்பி கிடைத்தால் 36 நிமிடம், படிக்க அதைவிடக் குறைவு. லினக்ஸில் எஃப்3 என்ற கருவி, முதலில் எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட். எல்லாம் எழுத்து வெளியீடு, திரைவாசிப்பான் வரிவரியாகச் சொல்லிவிடும்.

முடிவில் பிழை எதுவுமில்லை என்று வர வேண்டும். 32 ஜிபி கார்டைக் கணினி 29 சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம், அது 1,000க்கும் 1,024க்கும் உள்ள தகராறு. சோதனைக் கோப்புகளை அழித்துவிட்டு ஒரு முறை ஃபார்மட் செய்யுங்கள். இதெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் நடக்க வேண்டும்.

மேல்மலை, 22 ஜூன், காலை 7.15
பிழை இல்லை என்று வந்துவிட்டது. அடுத்து பெயர்ச் சிக்கல். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கருவியில் கேள்விக்குறியாக வருகின்றன. உள்ளே இருக்கும் தமிழ் உரையும் குழப்பம், "ண" வரும் இடத்தில் எல்லாம் எண் மாதிரி வாசிக்கிறது.

ஆறுபுள்ளி, 22 ஜூன், காலை 8.30
இரண்டும் வேறு வேறு நோய்.

பெயர்: கருவியின் பட்டியல் ஆங்கில எழுத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு. 20 செல்தானே, ஆகவே முக்கியமான சொல் முதல் 20 எழுத்துக்குள். "பதினொன்றாம் வகுப்பு வரலாறு முதல் பாடம்" என்று தொடங்கினால் பத்துக் கோப்பும் ஒரே மாதிரி விரலுக்குத் தட்டும். பாட எண்ணை முன்னால் போடுங்கள்: 01, 02 என்று, 1, 2 என்றல்ல. இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன் நிற்கும்.

உரை: பாரதி பிரெயிலில் (இந்திய மொழிகளுக்கான பிரெயில்) "ண" 3-4-5-6 ஆகிய புள்ளிகள். ஆங்கில பிரெயிலில் அதே புள்ளிகள் எண்குறி. கருவி ஆங்கில அட்டவணையில் (எந்தப் புள்ளி எந்த எழுத்து என்ற பட்டியல்) இருந்தால் அதன்பின் வருவதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒலி வாசிப்பில்தான் இந்தக் குழப்பம். விரலால் வாசிக்கும்போது புள்ளி புள்ளியாகவே வரும், பயமில்லை. கருவியில் தமிழ் அட்டவணை இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் கணினியில் லிப்லூயிஸ் என்ற பிரெயில் பெயர்ப்பு மென்பொருளின் தமிழ் அட்டவணையால் பெயர்த்து, பிஆர்எஃப் (பிரெயில் உரை) கோப்பாகக் கார்டில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பைக் கணினியில் நோட்பேடில் திறந்தால் குப்பை மாதிரி தெரியும், அரைப்புள்ளியும் அடிக்கோடுமாக. அரைப்புள்ளி "ன", அடிக்கோடு "ள". கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள்.

பழையபெட்டி, 22 ஜூன், பகல் 12.00
பட்டியலில் கணினி விட்டுச் செல்லும் குப்பையும் வரும். விண்டோஸ் போட்டது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற அடைவு, தொட வேண்டாம். மேக் கணினி போட்டது புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் இரட்டைக் கோப்புகள், அவற்றை அழிக்கலாம்.

டெய்சி புத்தகம் என்றால் அடைவை முழுசாக ஏற்றுங்கள். சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் இறக்கியது ஜிப் ஆக வரும், கணினியிலேயே விரித்து ஏற்றவும். எம்பி3 மட்டும் தனியே பொறுக்கி எடுத்தால் தலைப்புக்குத் தலைப்பு தாவும் வசதி போய்விடும். சில கருவிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல் கார்டில் ஏறிய வரிசையில் வாசிக்கும். அப்படி இருந்தால் ஃபேட்சார்ட் என்ற மென்பொருள் வரிசையைச் சீராக்கும்.

ஈரக்காற்று, 3 ஜூலை, இரவு 8.50
ஆண்ட்ராய்டு நோட்டேக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, மேல்மலைக்கு அல்ல. புதுக் கார்டு செருகியதும் "வெளிச் சேமிப்பா, உள் சேமிப்பா" என்று கேட்டால் வெளி என்றே சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 6லிருந்து உள்ள வசதி அது. உள் என்றால் கார்டு மறையாக்கம் ஆகி அந்த ஒரு கருவியோடு கட்டிப்போடப்படும். கருவி பழுதானால் கார்டை வேறெங்கும் வாசிக்க முடியாது.

மேல்மலை, 11 ஜூலை, மாலை 5.40
கார்டுகளுக்கு அடையாளம் எப்படி வைக்கிறீர்கள்? மூன்று கார்டு, மூன்றும் ஒரே மாதிரி. மேலே பிரெயில் லேபிள் ஒட்டலாமா?

ஆறுபுள்ளி, 11 ஜூலை, மாலை 6.10
கார்டின் மேல் எதுவும் ஒட்டாதீர்கள். கார்டின் தடிமன் 2.1 மில்லிமீட்டர், ஸ்லாட் அதற்கு ஒட்டி வார்த்தது. லேபிள் ஏறினால் உள்ளே போகும், வெளியே வராது. கார்டோடு வரும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். உறைக்கும் கார்டுக்கும் ஜோடி மாறிவிட்டால் கண்டுபிடிக்க, கார்டின் முதல் அடைவில் 00 என்று தொடங்கும் ஒரு சின்ன உரைக்கோப்பு. பட்டியலைத் திறந்ததும் அதுதான் முதலில் தட்டும்: 00-பாடம், 00-கதை என்று, ஆங்கில எழுத்தில். கணினிப் பக்கம் அறிய வால்யூம் பெயர் வையுங்கள், 11 எழுத்து வரை இடம் உண்டு.

மேல்மலை, 24 அக்டோபர், இரவு 9.20
மூன்று நாளாக மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. சார்ஜ் தீர்ந்து கருவி பாதிச் சேமிப்பில் அணைந்துவிட்டது. இப்போது அந்தக் கோப்பு 0 பைட்.

ஈரக்காற்று, 24 அக்டோபர், இரவு 9.45
அந்தக் கார்டில் இனி ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். கருவியிலிருந்து எடுத்துக் கணினியில் போடுங்கள். தாழைப் பூட்டு நிலைக்கு இழுத்துவிட்டே போடுங்கள், அதற்குத்தான் அந்தத் தாழ். முதலில் இருப்பதையெல்லாம் கணினிக்கு நகல் எடுங்கள். அடுத்து ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், உரைக்கோப்பையும் மீட்கும். பிஆர்எஃப்புக்குத் தனி முத்திரை இல்லாததால் உரைக்கோப்பாகவே வரும், பெயர் எல்லாம் எண்ணாக மாறியிருக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரு சொல்லின் பிரெயில் வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள்.

அது முடிந்தபின் தாழைத் திறந்து, கட்டளை வரியில் செக்டிஸ்க் (பிழை திருத்தும் கட்டளை), டிரைவ் எழுத்து, ஸ்லாஷ் எஃப். அறுந்த துண்டுகள் ஃபவுண்ட் என்று தொடங்கும் மறைவான அடைவில் கிடக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். செக்டிஸ்க் கார்டில் எழுதும், மீட்பதற்கு இருந்ததை அதுவே மூடிவிடக் கூடும்.

மேல்மலை, 25 அக்டோபர், காலை 10.30
கோப்பு வந்துவிட்டது. கடைசி அரைப் பக்கம் மட்டும் இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருள் வைத்திருக்கிறேன், அது ஏன் இந்தக் கோப்பின் முந்தைய வடிவத்தைக்கூட நகல் எடுக்கவில்லை என்றுதான் புரியவில்லை.

ஆறுபுள்ளி, 25 அக்டோபர், காலை 11.05
கோப்பின் தேதி என்ன காட்டுகிறது? 1980 என்று இருக்கும். ஃபேட் அமைப்பில் காலம் 1980 ஜனவரி 1இல் தொடங்குகிறது. முன்பு ஒரு முறை சார்ஜ் அடியோடு தீர்ந்து கருவியின் கடிகாரம் அழிந்திருக்கும், அதன்பின் எழுதியதெல்லாம் அந்தத் தேதியோடு பதிவாகியிருக்கும். "புதியதை மட்டும் நகலெடு" என்ற மென்பொருள் அதைப் பழசு என்று தாண்டிப் போகும். கருவியில் தேதியைச் சரிசெய்யுங்கள், மென்பொருளில் தேதிக்குப் பதில் அளவையும் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும் தெரிவை மாற்றுங்கள். 1980 தேதியுள்ள மற்ற கோப்புகளைத் திறந்து, கடைசியில் ஓர் இடைவெளி தட்டிச் சேமித்தால் இன்றைய தேதி ஏறிவிடும்.

மேல்மலை, 25 அக்டோபர், காலை 11.40
1980தான். 41 கோப்பு அப்படி நிற்கிறது. தட்ட ஆரம்பிக்கிறேன்.